டாஷ்போர்டின் எண்ணெய்ப் பளபளப்பை நீக்கிய பிறகு: நீண்ட நாள் அனுபவம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் இது. விற்பதற்கு முன்பு டாஷ்போர்டு முழுக்கப் பாலிஷ் அடித்திருந்தார்கள். மினுமினுவென்று இருந்தது, ஆனால் விரலால் தேய்த்தால் கோடு விழும், விரல் நுனியில் எண்ணெய் ஒட்டும். அதைவிடப் பெரிய தொல்லை வெயிலில் ஓட்டும்போதுதான். டாஷ்போர்டின் பிம்பம் அப்படியே முன்கண்ணாடியில் விழும். எதிரே வரும் வண்டியை அந்தப் பிம்பத்தின் ஊடாகத்தான் பார்க்க வேண்டும். பளபளப்பு வேண்டுமா வேண்டாமா என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

இந்த மாதிரிப் பாலிஷ்களில் பெரும்பாலும் இருப்பது சிலிக்கோன் எண்ணெய். அது காயாது, ஆவியாகாது, தண்ணீரிலும் கரையாது. வெறும் ஈரத்துணியால் துடைத்தால் ஓரிடத்தில் இருப்பது இன்னோரிடத்துக்குப் போகுமே தவிர, வண்டியை விட்டுப் போகாது. மேலே படியும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நேற்றுத் துடைத்த டாஷ்போர்டு இன்று மங்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

எனக்குக் கைகொடுத்தது ஆல் பர்ப்பஸ் கிளீனர். 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் கலந்தேன். வண்டி நிழலில் நிற்க வேண்டும், டாஷ்போர்டு தொட்டால் சூடு தெரியக் கூடாது. முதலில் காய்ந்த பிரஷால் தூசியைத் தட்டி வேக்குவம் போட்டுவிட வேண்டும். அப்புறம் கிளீனரைத் துணியிலோ பிரஷிலோ தெளித்துக்கொள்ளலாம். நேராக டாஷ்போர்டில் அடித்தால் சுவிட்ச் இடுக்கிலும் ஸ்க்ரீன் ஓரத்திலும் இறங்கிவிடும். ஒரு ஏ4 தாள் அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மென்மையான பிரஷால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பிரஷ் கட்டாயம் தேவை. டாஷ்போர்டு சமதளம் இல்லை, தோல் மாதிரி வரிவரியாக இருக்கும். எண்ணெய் தங்குவது அந்தப் பள்ளங்களில்தான், துணி அங்கே எட்டாது. நுரை சாம்பல் நிறமாக மாறும். அது காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். துணியை நான்காக மடித்தால் 8 பக்கம் கிடைக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் புதுப் பக்கம். கடைசியில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வேறொரு துணியால் ஒரு முறை துடைத்தால் கிளீனரின் மிச்சமும் போய்விடும்.

முடித்த அன்று டாஷ்போர்டு அருமையாக இருந்தது. மறுநாள் வெயிலில் நிறுத்தியபோது திட்டுத்திட்டாக மறுபடியும் மின்னியது. வெயிலில் டாஷ்போர்டின் சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் எண்ணெய் இளகி, வரிகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மேலே வரும். இந்த இடத்தில்தான் பலர் கிளீனரின் வீரியத்தைக் கூட்டுகிறார்கள். தேவையே இல்லை. அதே கலவையால் மின்னும் இடத்தை மட்டும் மறுபடி துடைத்தேன். ஒவ்வொரு முறையும் திட்டு சிறிதாகிக்கொண்டே வந்தது. சில வாரங்களில் வெயிலிலும் ஒன்றும் தெரியவில்லை. எனவே வேலை முடிந்ததா என்று துடைத்த அன்றைக்கே முடிவு கட்ட வேண்டாம், நல்ல வெயிலில் ஒரு நாள் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஏசி வென்ட்டுகளின் ஓரத்தில் அழுத்தமாகப் படிந்திருந்ததற்கு, 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து, காட்டன் பட்ஸால் எடுத்தேன். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். பெயின்ட் பூசிய பாகங்கள், கைக்கு மெத்தென்று இருக்கும் பூச்சு, கறுப்புக் கண்ணாடி போன்ற பியானோ பிளாக், ஸ்க்ரீன் ஆகியவற்றில் ஆல்கஹால் படவே கூடாது. மேஜிக் ஸ்பான்ஜ் என்று விற்கும் மெலமைன் ஸ்பான்ஜும் வேண்டாம். அது மிக நுண்ணிய உப்புத்தாள் வேலையைத்தான் செய்கிறது. வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் அந்தப் பளபளப்பை எதனாலும் எடுக்க முடியாது.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் டாஷ்போர்டின் பொருளே சூட்டிலும் ஈரப்பதத்திலும் சிதைந்து பிசின்போல ஒட்டும். விரலை வைத்தால் வழுக்காமல் ஒட்டினால், அது பாலிஷ் இல்லை. அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. பாகத்தை மாற்ற வேண்டும், அல்லது உறை போட வேண்டும்.

இப்போது ஒரு கோடையும் மழைக்காலமும் கடந்துவிட்டன. டாஷ்போர்டு மங்கிய கருமையில், தொட்டால் காய்ந்து இருக்கிறது. தூசி படிகிறது, ஆனால் காய்ந்த துணி பட்டாலே போய்விடுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் அடிக்கடி பனிபோலப் படரும் படலமும் வெகுவாகக் குறைந்துவிட்டது. கண்ணாடிக்குத் தனித் துணி வைத்திருக்கிறேன், டாஷ்போர்டு துடைத்த துணி கண்ணாடியில் பட்டால் எண்ணெய்க் கோடு விழும். துணிகளைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்ப்பதில்லை. அது இழைகளில் படிந்து, துணி உறிஞ்சும் தன்மையையே கெடுத்துவிடும்.

பாதுகாப்புக்கு ஏதாவது தடவ வேண்டும் என்றால், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேட் ஃபினிஷ் வகையை மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு ஒரு சன்ஷேட் வைப்பதே போதும். பழைய பாலிஷ் தெறித்திருக்கக்கூடிய இன்னும் இரண்டு இடங்களை மறக்க வேண்டாம்: ஸ்டீயரிங்கும் பெடல்களும். பிரேக் பெடலில் எண்ணெய் இருந்தால் கால் வழுக்கும். டாஷ்போர்டில் கை வைப்பதற்கு முன்பே அதைத் துடைத்துவிடுங்கள்.