லோயிஸ், க்வென், மேரி ஜேன், பார்பரா: யார் பக்கம் நீங்கள்?

சூப்பர்மேனா பேட்மேனா என்ற சண்டை நாகர்கோவில் காமிக்ஸ் கூட்டாளிகளிடம் ஓய்ந்து ரொம்ப நாளாகிறது. இப்போது செட்டிகுளம் டீக்கடையில் குரல் உயர்வதெல்லாம் அந்த நாயகர்களின் கதைகளில் வரும் பெண்களுக்காக. என் அளவுகோல் ஒன்றுதான்: நாயகன் இல்லாத பக்கத்தில் அவளுக்கு என்ன வேலை?

எங்களில் மூத்தவர்களுக்கு முதல் பெண் டயானா. ராணி காமிக்ஸில் மாயாவியின் (ஆங்கிலத்தில் ஃபாண்டம்) காதலியாக வந்தவள். அமெரிக்க நாளிதழ்களில் 1936இல் தொடங்கிய காதல், கல்யாணத்தில் முடிந்தது 1977இல். நம்மூர் சொந்தக்காரர்கள் இவ்வளவு காலம் சும்மா விட்டிருப்பார்களா! அவளுக்கு ஐ.நா.வில் சொந்த வேலை இருந்தது. ஆனாலும் கடத்தப்படுவது பெரும்பாலும் அவள்தான். நடுத்தர மதிப்பெண்.

சூப்பர்மேன் கதைகளின் நிருபர் லோயிஸ் லேனை ஒரே ஆளாக எடைபோட முடியாது. 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழிலேயே, வம்பு செய்யும் முரடனின் கன்னத்தில் ஒன்று வைக்கிறாள். அவனை எதிர்க்காமல் பணிந்து போன கிளார்க்கை, அதாவது சாதாரண ஆளாக வேஷம் போட்ட சூப்பர்மேனை, கோழை என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். இருபது வருஷம் கழித்து, 1958இல், அவள் பெயரிலேயே தனி இதழ் வருகிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதன் பல கதைகளில் அவள் கவலை இரண்டே: சூப்பர்மேன் யார், அவன் என்னைக் கட்டிக்கொள்வானா. நிருபர் வேலை ஓரத்துக்குப் போய்விட்டது. 1954இல் வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகள், காதல் கதைகள் குடும்பத்தையும் திருமணத்தையும் உயர்த்திக் காட்ட வேண்டும் என்றன; அந்தக் காலத்துக் காற்றும் அப்படித்தான் வீசியது. காலம் போகப்போகப் பெண் பாத்திரங்கள் தானாக வளரும் என்று வாதிடும் தம்பிகளிடம் இந்த இரண்டு லோயிஸையும்தான் நீட்டுவேன்.

அடுத்தது க்வெனா மேரி ஜேனா என்று எங்கள் கூட்டத்தையே இரண்டாகப் பிளக்கும் போட்டி. ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி 1965இல் வந்தவள். அழகு, படிப்பு, நல்ல குணம் எல்லாம் உண்டு. 1973இல், ஸ்பைடர்மேன் 121ஆம் இதழில், வில்லன் க்ரீன் காப்ளின் பாலத்திலிருந்து தள்ளிவிட, பீட்டர் (ஸ்பைடர்மேனின் நிஜப் பெயர்) வீசிய வலை அவளைப் பிடித்தும் உயிர் மிஞ்சவில்லை. அவள் கட்சிக்காரர்கள் அந்த இதழைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள். அதில் உலுக்குவது பீட்டரின் துயரம். க்வென் அதில் செய்தது என்ன? நாயகனை அழவைக்கக் காதலியைக் கொல்லும் வழக்கம் பிறகு எவ்வளவு பெருத்தது என்றால், 1999இல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெய்ல் சிமோன் அப்படிச் சிதைக்கப்பட்ட பெண்களைப் பட்டியலே போட்டார்.

மேரி ஜேன் 1966இல் முகம் காட்டியபோது ஆட்டமும் பாட்டுமாக இருந்தவள். அவளை நிமிர்த்தியது 122ஆம் இதழின் கடைசிப் பக்கம். துக்கத்தில் இருக்கும் பீட்டர் அவளைக் கடுஞ்சொல் சொல்லி வெளியே போகச் சொல்கிறான். கதவுவரை போகிறாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நிற்கிறாள். வசனம் கிடையாது. முடிவெடுத்தது அவள். எனக்கு அது போதும்.

ஆனால் என் முதலிடம் பார்பரா கார்டனுக்கு. பேட்மேன் கதைகளில் 1967இல் வந்தவள்; பகலில் நூலகர், இரவில் முகமூடி போட்ட பேட்கேர்ள். 1988இல் ஜோக்கர் அவளைச் சுட்டதும் போலீஸ் கமிஷனரான அவள் அப்பாவை நொறுக்கத்தான். க்வெனுக்கு நேர்ந்த அதே அநியாயம். அங்கேயே விட்டிருந்தால் அவளும் அந்தப் பட்டியலோடு போயிருப்பாள். அடுத்த வருஷமே எழுத்தாளர்கள் கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கணினி வழியே தகவல் திரட்டும் ஆரக்கிளாக அவளைக் கொண்டுவந்தார்கள். பேட்மேனே அவளிடம் கேட்டுத்தான் சில கதவுகளைத் திறந்தான்.

2011இல் பேட்மேன் இதழ்களை வெளியிடும் டிசி நிறுவனம் அவளை மறுபடி நடக்க வைத்து பேட்கேர்ள் ஆக்கியது. பலருக்குக் கொண்டாட்டம். தக்கலையிலிருந்து மூன்று சக்கர ஸ்கூட்டரில் வரும் அண்ணன் மட்டும், "அவளுக்குக் காலைக் குடுத்தானுவ மக்கா, எனக்கு இருந்த ஒரே ஆளை எடுத்துட்டானுவ" என்றார். அதற்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

2014இல் சிலந்தி சக்தியோடு வந்த க்வெனைக் காட்டி, அவள் கட்சிக்காரர்கள் கணக்கைச் சமன் செய்யப் பார்க்கிறார்கள். அவள் வேறொரு உலகத்துப் பெண். பழைய க்வெனின் மதிப்பெண்ணில் அதைச் சேர்க்க நான் ஒப்பமாட்டேன். இந்தச் சண்டையில் புதிதாகக் கலந்துகொள்ள வருபவர்கள் 121ஐ மட்டும் படித்துவிட்டு வர வேண்டாம். 122ஐயும் சேர்த்துப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.