2666 லேப்டாப்பில் 3200 ரேம்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

காரைக்குடியில் லேப்டாப் ரேம் கேட்டுப் போனால், கடைக்காரர் பெரும்பாலும் 3200 வேக எண் கொண்டதைத்தான் எடுத்து வைப்பார். வந்தவர் மெஷினில் இருப்பதோ 2666. "அண்ணே, வேகம் மாறுனா போர்டு போயிருமா?" என்று கேட்பார்கள். போர்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த ரேம் 3200-லும் ஓடாது. ரெட்டை மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: ஒரே நுகத்தில் பூட்டிவிட்டால், பிந்துகிற மாட்டின் ஓட்டம்தான் வண்டியின் ஓட்டம். பிராசசர் தாங்கும் வேகம், இருக்கிற ரேம், புது ரேம் ஆகிய மூன்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

ஒரு மெஷினை வைத்தே பார்ப்போம். இன்டெல் ஐ5-10210யு, 8 ஜிபி டிடிஆர்4-2666 (டிடிஆர்4 என்பது ரேமின் தலைமுறை) ஒன்று, ஒரு காலி ஸ்லாட். கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர்களும், டேலியோடு முப்பது பிரவுசர் டேப் திறந்து வைக்கும் கணக்காளர்களும் திணறுவது இந்த மாதிரி மெஷினில்தான். இந்த பிராசசரின் உச்சவரம்பு 2666.

இதில் சாதாரண 3200 சிஎல்22 ரேம் போட்டால் நஷ்டம் உண்டா? (சிஎல் என்பது, கேட்ட தகவலைத் தர ரேம் எத்தனை கிளாக், அதாவது துடிப்பு, தாமதிக்கும் என்ற எண்.) இல்லை. ரேமின் விவரங்களை மெஷினுக்குச் சொல்லும் எஸ்பிடி சிப்பில் இந்தத் தாமதம் நானோ செகண்டில் எழுதப்பட்டிருக்கிறது. சிஎல்22 ரேமுக்கு அது 13.75. 2666-ல் ஒரு கிளாக் 0.75 நானோ செகண்ட். வகுத்தால் 18.33, அடுத்த முழு எண் 19. புதிதாக 2666 ரேம் வாங்கினாலும் சிஎல்19-தான். ஆகவே 2666-ஐத் தேடி மதுரைக்கும் சென்னை ரிச்சி தெருவுக்கும் ஆள் விட வேண்டாம். பழைய லேப்டாப்பில் கழற்றிய 2666 மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம்; ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் ஒரு முழுச் சுற்று பிழையில்லாமல் முடிந்த பிறகு காசைக் கொடுங்கள்.

வினையே கேமிங் ரேமில்தான். "3200 சிஎல்20" என்று பளபளப்பான ஸ்டிக்கரோடு வரும் சில ரேம்களில் அந்த வேகம் எக்ஸ்எம்பி புரொபைலில் (தனியாக இயக்கினால்தான் வேலை செய்யும் கூடுதல் வேக அமைப்பு) மட்டும் இருக்கும். அடிப்படை வேகம் 2400 ஆக இருக்கலாம். பெரும்பாலான லேப்டாப் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி மெனுவே கிடையாது. கூடுதல் காசு கொடுத்து வாங்கிப் போட்ட ரேம், ஏற்கெனவே 2666-ல் ஓடிக்கொண்டிருந்ததையும் 2400-க்கு இழுத்துவிடும். வாங்கும் முன் விவரத் தாளில் எஸ்பிடி அடிப்படை வேகம் என்ன என்று பாருங்கள்.

வேகத்தைவிட அதிகம் கவனிக்க வேண்டியது லேபிளில் உள்ள இன்னொரு குறி. "8ஜிபி 1ஆர்×8 பிசி4-3200ஏஏ" என்று இருந்தால் எட்டு சிப்புகள். "1ஆர்×16" என்றால் நான்கே சிப்புகள். சிப்புக்குள் மாறிமாறி வேலை செய்யும் பகுதிகளான பேங்க் குரூப்பும் நான்குக்குப் பதில் இரண்டு, அதனால் அதே வேகத்திலும் சற்றுப் பின்தங்கும். விலை ஒன்றென்றால் 1ஆர்×8-ஐயே கேளுங்கள்.

அடுத்த கேள்வி: இருப்பதைக் கழற்றிவிட்டு 16 ஜிபி ஒன்றாகப் போடுவதா, 8-ஓடு இன்னொரு 8 சேர்ப்பதா? ஒற்றை 2666 நொடிக்கு 21.3 ஜிபி கடத்தும். 3200-ல் ஓடும் மெஷினிலேயே ஒற்றை ரேம் 25.6-தான். இரண்டு 2666 சேர்ந்து டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் தகவல் கடத்தும்படி, ஓடினால் 42.6. வேகத்தைக் கூட்டிக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு, இரண்டாவது ஸ்லாட்டை நிரப்பிக் கிடைப்பது இரட்டிப்பு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இது கண்ணுக்கே தெரியும். 8+16 போட்டாலும் கெட்டுப்போகாது: இரண்டிலிருந்தும் 8, 8 சோடியாக ஓடும், மிச்ச 8 ஒற்றையாக ஓடும். போட்டோஷாப்பில் பெரிய ஆல்பம் திறப்பவர்களுக்கு எங்கள் சிபாரிசு இதுதான். 16-ஐ ஒற்றையாகப் போடுவது, பின்னால் இன்னொரு 16 வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும்.

மற்ற மெஷின்களுக்கும் கணக்கு இதுவே, வரம்புதான் மாறும். ஐ5-8250யு, ரைசன் 5 3500யு இரண்டும் 2400. ஐ5-1135ஜி7 என்றால் 3200. 12-ஆம் தலைமுறையில் மட்டும் உஷார்: ஐ5-1235யு டிடிஆர்4-ம் ஏற்கும், டிடிஆர்5-ம் ஏற்கும். எந்த ஸ்லாட் என்பது போர்டைப் பொறுத்தது, பிராசசர் பெயரை வைத்து வாங்காதீர்கள். டிடிஆர்4 ரேமுக்கு 260 பின், டிடிஆர்5-க்கு 262; வெட்டும் வேறிடத்தில் இருப்பதால் மாற்றி நுழையாது. எல்பிடிடிஆர் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேம் வகை) என்று போட்டிருந்தால் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்தது. கடைக்குப் போகும் வேலையே இல்லை.

மாட்டுவது பெரிய வித்தையல்ல. ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்துங்கள். ரேமைச் சாய்வாக, தங்கப் பற்கள் ஏறக்குறைய மறையும் வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்கினால் இரு பக்கக் கொக்கியும் டிக்கென்று விழும். ஆன் செய்யும்போது திரை ஓரிரு நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். மெஷின் புது ரேமைப் பழகிக்கொள்கிறது, பதறி அணைக்காதீர்கள். அதற்கு மேலும் வராவிட்டால் பெரும்பாலும் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் 2667 என்று காட்ட வேண்டும். மெஷின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 1333 என்று கண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அது பாதியைத்தான் காட்டும். 2400 என்று வந்தால் மூடியை மறுபடி திறந்து பழைய ரேமின் லேபிளைப் பாருங்கள். பின்தங்கிய மாடு அதுவாகவும் இருக்கலாம்.