கொமடோர் 64 சோதனை கார்ட்ரிட்ஜ்: மூடி திறந்திருந்தால் தேறிவிடும்

நீலத் திரையில் ‘ரெடி’ என்ற சொல்லும் அதற்கு மேல் 38911 பைட்டுகள் காலியாக உள்ளன என்ற வரியும் வந்துவிட்டால், 1980-களின் வீட்டுக் கணினியான கொமடோர் 64 ஒன்றைப் பழையதாக வாங்கியவர் நிம்மதியாகப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். நானும் அப்படித்தான் கொடுத்தேன். அந்த வரி சொல்வது மிகக் கொஞ்சம் என்பது பிறகுதான் புரிந்தது. கணினி தொடங்கும்போது, அதன் அடிப்படை நிரல் பதிந்த நிலைச் சில்லான கெர்னல் ரோம், நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டிலும் இரண்டே இரண்டு மதிப்புகளை எழுதிப் படித்துப் பார்க்கிறது. பேசிக் மொழிக்கான ரோம் குறுக்கிடும் 40 கிலோபைட் எல்லையில் அந்தச் சோதனை நின்றுவிடுகிறது. மேலே உள்ள 24 கிலோபைட்டை அது தொடுவதே இல்லை. என் கணினியோ ‘ரெடி’ என்று காட்டிவிட்டு, முக்கால் மணி நேரம் விளையாடிய பிறகு திரை முழுவதும் குப்பை எழுத்துகளை நிரப்பி உறைந்துபோகும்.

அதற்காக வாங்கியதுதான் இந்தச் சோதனைத் தொகுப்பு. கொமடோர் நிறுவனம் தன் பழுதுபார்ப்பு நிலையங்களுக்காக எழுதிய இரண்டு நிரல்களின் நகல்கள், கணினியில் செருகும் கார்ட்ரிட்ஜான ஒரே பலகையில் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. கூடவே, கணினியின் துறைகளில் (போர்ட்டுகளில்) செருகி வெளியே செல்லும் சமிக்ஞைகளை உள்ளேயே திருப்பி அனுப்பும் இணைப்பிகளும் வருகின்றன.

முதல் நிரல் ‘டெட் டெஸ்ட்’, பதிப்பு 781220. திரையே வராத கணினிக்கு இதைவிடச் சிறந்த துணை இல்லை. இது கணினியின் சொந்த ரோம்களை நம்பி ஓடுவதில்லை. அல்டிமாக்ஸ் என்ற நிலைக்கு இயந்திரத்தைத் தள்ளி, கெர்னல் இருக்கவேண்டிய இடத்தில் தானே அமர்ந்துகொள்கிறது. நினைவகச் சில்லு ஒன்று செத்திருந்தால், எழுத்துகளைக் காட்டக்கூட வழியில்லாத அந்த நேரத்தில், திரையைக் கண்சிமிட்டுவதுபோல் மின்னச் செய்து அந்த எண்ணிக்கையால் சில்லைச் சுட்டுகிறது. எட்டுச் சில்லுகள் கொண்ட பழைய பலகையில் ஒருமுறை மின்னினால் யு12 என்று பலகையில் குறித்த சில்லு, எட்டுமுறை மின்னினால் யு21. ஆனால் அல்டிமாக்ஸ் நிலையில் செயலிக்கு முதல் 4 கிலோபைட் நினைவகம் மட்டுமே தெரியும். ஆகவே ‘டெட் டெஸ்ட்’ எத்தனை சுற்று ஓடித் தேறினாலும், அது 64 கிலோபைட்டில் பதினாறில் ஒரு பங்குக்குத்தான் சாட்சி. விற்பனையாளர் தந்த ஒற்றைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது நிரல், பதிப்பு 586220, மீதி நினைவகத்தையும் ரோம்களையும் நேரக் கணிப்பான்களையும் துறைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, முடிந்ததும் சுற்றின் எண்ணிக்கையை ஒன்று கூட்டி மீண்டும் தொடங்குகிறது. இது ஓடுவதற்குக் கணினி பெரும்பாலும் உயிரோடு இருக்கவேண்டும். இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் எண்ணைப் பார்ப்பதற்கு ஏற்ற நிரல் இதுதான்.

முதல் இரவு ஒரு பிழையும் இல்லை. இரண்டாம் இரவும் அப்படியே. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு வெட்கப்படும் அளவுக்கு நாளானது. விசைப்பலகைக்கான இணைப்பியைச் செருகவேண்டுமானால் விசைப்பலகையைக் கழற்றவேண்டும். விசைப்பலகை மேல்மூடியோடு சேர்ந்தே இருப்பதால் மூடி திறந்தே கிடக்கும். திறந்து கிடக்கும் கணினியில் சூடு தங்குவதில்லை. வீட்டில் பயன்படுத்தும்போது மூடியிருக்கும் இயந்திரம், சோதிக்கும்போது மட்டும் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு இணைப்பியை மட்டும் விட்டுவிட்டு, விசைப்பலகை வரியில் ‘பேட்’ (பழுது) என்று வருவதைப் பொருட்படுத்தாமல், மூடியைப் பூட்டி ஓட்டினேன். ஏறத்தாழ 50 நிமிடத்தில் நினைவக வரியிலும் ‘பேட்’ வந்தது.

அதன்பின் வேலை எளிது. மூடியைத் திறந்து, முடி உலர்த்தியால் சில்லுகளை மெல்லச் சூடாக்கிப் பிழையை வரவழைத்தேன். பிறகு குளிர்விக்கும் ஸ்ப்ரேயை ஒவ்வொரு சில்லாக அடித்து, ஒவ்வொரு முறையும் சோதனையை முதலிலிருந்து ஓட்டினேன். யு23 குளிர்ந்ததும் பிழை மறைந்தது. அதை எடுத்துவிட்டுச் சாக்கெட் வைத்து, வேறொரு 4164 சில்லைப் பொருத்தினேன். (இந்த வகைச் சில்லில் 5 வோல்ட் எட்டாம் காலிலும் பூமி (கிரவுண்ட்) பதினாறாம் காலிலும் வருகின்றன, மற்ற லாஜிக் சில்லுகளுக்கு நேர்மாறு. கைப்பழக்கத்தில் அளப்பவர்கள் கவனிக்கவேண்டும்.)

குறைகளையும் சொல்லவேண்டும். பலகைக்கு உறை இல்லை. உறையில்லாத பலகை தலைகீழாகவும் செருகிக்கொள்ளும், பக்கவாட்டிலும் நகரும். ஒரு நொடி அவசரத்தில் 5 வோல்ட்டைத் தவறான இடத்தில் சேர்த்துவிடலாம். எனக்கு வந்த கேசட் இணைப்பியில் ஒரு சால்டர் சரியாகப் பிடிக்காமல் இருந்தது. நல்ல கணினியையே பழுது என்று அது காட்ட, ஒரு மாலைப்பொழுது வீணானது. சோதனைக் கருவியை முதலில் சோதிக்கவேண்டிய நிலை.

மின்சாரம் பற்றி ஒன்று. கணினியோடு வந்த பழைய பவர் சப்ளையை மல்டிமீட்டரால் அளக்காமல் எந்தச் சோதனையையும் தொடங்கவேண்டாம். எபாக்சி ஊற்றி அடைத்த அந்தக் கட்டிக்குள் இருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் மேலே ஏறும். முதலில் சாவது நினைவகச் சில்லுகள்தான். 5.25க்கு மேல் காட்டினால் அதை ஒதுக்கிவிடுங்கள். இரவு முழுவதும் ஓட்டும் சோதனைக்குப் புதிய பவர் சப்ளைதான் பொருத்தம்.

இந்தத் தொகுப்பால் எட்டமுடியாத ஒரு கோளாறும் உண்டு. எல்லாச் சோதனையிலும் தேறிய சில கணினிகள், 1993-இல் வந்த ‘மேஹெம் இன் மான்ஸ்டர்லேண்ட்’ போன்ற, திரையை விரைவாக நகர்த்தும் விஎஸ்பி உத்தியைப் பயன்படுத்தும் ஆட்டங்களில் விழுந்துவிடுகின்றன. அந்த உத்தியில் காட்சிச் சில்லு நினைவகத்துக்கான முகவரியைத் தவறான தருணத்தில் மாற்றிவிடுவதால், பதினாறடி எண்முறையில் 7 அல்லது எஃப் என்று முடியும் முகவரிகளில் உள்ளவை சிதையலாம். 2013-இல் லினஸ் ஒகெஸொன் இதை விளக்கி, விஎஸ்பி லேப் என்ற சோதனை நிரலையும் வெளியிட்டார். கார்ட்ரிட்ஜ் சோதனை முடிந்ததும் அதையும் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. யு23 மாற்றிய பிறகு மூடிய நிலையில் விடியும்வரை பிழையின்றி ஓடிய என் கணினி, அதில் மட்டும் இன்னும் தோற்கிறது.