கேஜா, ஆடிட்டா? குடியைக் கேட்டறிய எது தேவலை

எங்கள் தொழிற்சாலை மருந்தகத்தில் வருடாந்திரப் பரிசோதனையோடு குடிப்பழக்கத்தையும் கேட்டுப் பார்ப்பது என்று முடிவானதும், எதை வைத்துக் கேட்பது என்பதை நர்ஸான என்னிடமே விட்டுவிட்டார்கள். கல்லீரல் நொதியை அளக்கிற ஜிஜிடி ரத்தப் பரிசோதனை, கேஜ் கேள்விகள், ஆடிட் கேள்வித்தாள் மூன்றையும் பார்த்துவிட்டு ஆடிட்டை எடுத்தேன்.

ஜிஜிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தாலும் ஏறும், ஃபெனிடாயின் மாதிரி வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும். நன்றாகக் குடிக்கிற சிலருக்கு நார்மலாகவும் வந்து தொலைக்கும். கடந்த சில வாரக் குடியைக் காட்டுகிற பெத் பரிசோதனையும் உண்டு, ஆனால் நான் யாருக்கும் அனுப்பியதில்லை.

கேஜ் நாலே கேள்வி. குடியைக் குறைக்க வேண்டும் என்று தோன்றியதா, பிறர் குறை சொல்லி எரிச்சல் வந்ததா, குற்ற உணர்ச்சி உண்டா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா. இரண்டுக்கு ஆமாம் என்றால் மேலே விசாரிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், நெரிசலான ஓபியில் அது பெரிய வசதி. ஆனால் வாழ்நாளில் எப்போதாவது என்றுதான் கேட்கிறது, அதனால் பல வருடம் முன்பே நிறுத்திவிட்டவரும் மாட்டுவார். அதைவிட, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்பதே இல்லை.

எனக்கு முடிவைத் தந்தது இந்த அளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட்டில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண், பெரும்பாலும் கடந்த ஒரு வருடத்தைப் பற்றியவை. முதல் மூன்று கேள்வியும் எத்தனை நாள், எவ்வளவு, ஒரே அமர்வில் 6 டிரிங்க்கோ அதற்கு மேலோ போவது எவ்வளவு அடிக்கடி என்பதுதான். அதன் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். 42.8 சதவீதப் பிராந்தியில் 30 மில்லிக்கு அவ்வளவு வரும். அப்படியென்றால் 180 மில்லி குவார்ட்டர் 6 டிரிங்க், 90 மில்லி கட்டிங் 3, 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் 4. "எத்தனை டிரிங்க்?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் விழிப்பார்கள், "குவார்ட்டராண்ணே, கட்டிங்கா?" என்றால் உடனே பதில் வரும், கணக்கை நான் போட்டுக்கொள்வேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாளுக்கொரு குவார்ட்டர் போடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சண்டையில்லை, வேலைக்கு ஒழுங்காக வருகிறார், அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. கேஜில் பூஜ்யம். ஆடிட்டில் முதல் மூன்று கேள்வியிலேயே 3, 2, 3 என்று 8 வந்துவிடும், அது எச்சரிக்கைக் கோடு. இன்னும் நோயாளி ஆகாத, பேசினால் குறைக்கக்கூடிய இவரைப் பிடிக்கத்தானே பரிசோதனை! காலைக் குடி, குற்ற உணர்ச்சி, பிறரின் கவலை எல்லாம் ஆடிட்டின் பின்பாதியில் எப்படியும் வந்துவிடுகின்றன. நேரமில்லாத நாளில் முதல் மூன்றை மட்டும் கேட்கலாம். ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தால் மீதியையும் கேட்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது. எங்களிடம் வேலை செய்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதல் கேள்விக்கே இல்லை என்கிறார்கள், அதை எவ்வளவு நம்புவது என்று சொல்லத் தெரியவில்லை. மேலதிகாரி காதுக்குப் போகும் என்று நினைத்தால் ஆண்களும் குறைத்துத்தான் சொல்வார்கள், எந்தக் கேள்வித்தாளாக இருந்தாலும்.

அப்புறம், 20 வந்தாலும் குடிநோய் என்று நான் எழுதுவதில்லை. அது மனநல மருத்துவர் வேலை. அவர்கள் மனநோய்களைக் கண்டறியும் கையேடான டிஎஸ்எம் 5-இல் உள்ள 11 அறிகுறிகளில் ஒரு வருடத்துக்குள் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஆறோ அதற்கு மேலோ இருந்தால் தீவிரம். அவரைப் பார்க்கும்வரை "நாளையிலிருந்து சுத்தமா நிறுத்திடுங்க" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். காலையில் கை நடுங்குகிறது என்கிறவரை அன்றைக்கே, துணைக்கு ஓர் ஆளோடு அனுப்பிவிடுகிறேன்.