வி-கிராஸுக்கு லிஃப்ட் போட்டு 88,000 கிலோமீட்டர் ஓட்டுனதுல தெரிஞ்சது

வண்டி 2017 மாடல் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப், 2.5 லிட்டர் இஞ்சின், 245/70 ஆர்16 டயரோட வந்தது. லிஃப்ட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாத்தி வண்டிய ஒசத்துறது) போட்டப்ப 48,000 ஓடியிருந்துச்சு, இப்போ 1,36,000. ஆறு வருஷம் ஆயிடுச்சு. போட்ட முதல் வாரத்துலயே இத எழுதியிருந்தா "சூப்பர்ங்க, கண்ண மூடிட்டு போடுங்க"ன்னு எழுதியிருப்பேன், நல்ல வேளை எழுதல.

மொதல்ல ஏன் போட்டேன்னு சொல்லிடுறேன். எங்களுக்கு தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காப்பி, மிளகு, ஊடால மலைவாழை இருக்கு, வீடு கீழ வத்தலக்குண்டு பக்கம். பெரும்பாறை வழியா ஏறுற ரோடு ஒன்னும் பிரச்சன இல்ல, மெயின் ரோட்ட விட்டு எறங்கி தோட்டத்துக்கு போற 3 கிலோமீட்டர்தான் பாடு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு அந்த பாதைய வாரிட்டு போயிருச்சு, மண்ணு போயி பாறை மட்டும் நிக்குது, நடுவுல வாய்க்கா மாதிரி ஒரு பள்ளம். அதுல வண்டியோட வயிறு தட்டாத நாளே கிடையாது. ஒரு நாள் சைடு ஸ்டெப்பு வளைஞ்சு கதவே தொறக்கல, அன்னிக்கு முடிவு பண்ணதுதான்.

இங்கதான் நான் பண்ண பெரிய தப்பு. எத்தன இஞ்சு தூக்கணும்னு மட்டும்தான் யோசிச்சேன். கோயம்புத்தூர்ல ஒரு கடை, பேரு வேணாம், போன உடனே அந்த தம்பி "அண்ணே, புல் பார் போடுவீங்களா, பின்னாடி லோடு அடிப்பீங்களா"ன்னு கேட்டான். நானும் பெருமையா "போடுவோம் போடுவோம், வாழத்தாரு 300 கிலோ வரைக்கும் ஏத்துவோம்"னு சொல்லிட்டேன். புல் பார்ங்கற அந்த முன்பக்க இரும்பு கார்டு இன்னிக்கு வரைக்கும் போடல. 300 கிலோ ஏத்துறது வாரத்துக்கு ஒரு நாள், மத்த நாளு ரெண்டு உர மூட்டயும் நானும்தான். ஆனா நான் சொன்னத வச்சு முன்னாடி புல் பார் வெயிட்டுக்கான காயில் ஸ்பிரிங்கும், பின்னாடி எப்பவும் 300 கிலோ இருக்குற வண்டிக்கான பிளேட் ஸ்பிரிங் செட்டும் குடுத்துட்டாங்க. ஆஸ்திரேலியா கம்பெனி கிட்டு, முன்னாடி பின்னாடி ஷாக், யு-போல்ட்டு, புஷ்ஷு, ஷேக்கிள் (பிளேட்டு முனைய சேஸிஸோட சேக்குற இணைப்பு) எல்லாம் சேத்து, வேலக்கூலியோட ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ஆச்சு.

லிஃப்ட் கிட்டுன்னா 40லேர்ந்து 50 எம்எம் தூக்கும்னு போட்டிருப்பாங்க. அது அந்த காயிலுக்கு எழுதியிருக்குற வெயிட்டு முன்னாடி இருந்தாத்தான். வெயிட்டு இல்லன்னா ஸ்பிரிங் அமுங்காது, வண்டி இன்னும் மேல நிக்கும். என் வண்டிய அளந்து பாத்தப்ப (வீல் நடுவுலேர்ந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளக்கணும், தரையிலேர்ந்து அளந்தா டயர்ல காத்து கூட கொறச்சல் இருந்தா கணக்கு மாறிடும்) முன்னாடி 460 இருந்தது 526 ஆயிருக்கு, பின்னாடி 500 இருந்தது 572. ஃபோட்டோல பாக்க செம கெத்து. ஓட்டுனா கழுத்து வலி.

முன்னாடி என்ன ஆச்சுன்னா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் எறங்குறப்ப "டொக்"குன்னு ஒரு சத்தம். பால் ஜாயிண்ட் போச்சுன்னு ஒருத்தர், ரேக் போச்சுன்னு இன்னொருத்தர், ஆளுக்கு ஒன்னு சொன்னாங்க. கடைசில வீட்டுலயே ஜாக்கிய சேஸிஸ்ல குடுத்து மெதுவா தூக்கி பாத்தேன், சக்கரம் தரைய விட்டு கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு 30 எம்எம்தான் கீழ தொங்குச்சு. அப்பதான் புரிஞ்சது. ஷாக்கு ஏற்கனவே முக்காவாசி நீண்டு நிக்குது, பள்ளத்துல சக்கரம் கீழ எறங்க எடமே இல்ல, அது முழுசா நீண்டு முட்டுற சத்தம்தான் அந்த டொக்கு. மேல தூக்கணும்னு போயி கீழ தொங்குற தூரத்த தின்னுட்டோம். நம்ம மாதிரி பாறையும் பள்ளமுமா இருக்குற பாதைக்கு இந்த கீழ தொங்குறதுதான் முக்கியம், சக்கரம் தரைய விடாம இருந்தாத்தான ஏறும்.

பின்னாடி கதைய கேக்காதீங்க. வெறும் வண்டில செம்பட்டி ரோட்டுல போனா பின்பக்கம் ஆடு துள்ளுற மாதிரி துள்ளும். எங்கப்பா ஒரு தடவ பின் சீட்டுல வந்துட்டு எறங்கி, "இதுக்கு மாட்டு வண்டியே தேவலடா"ன்னாரு. 300 கிலோ ஏத்துனா மட்டும் கப்பல் மாதிரி போகும்.

இப்படியே எட்டு மாசம் ஓட்டுனேன், காசு போட்டாச்சேன்னு மனசு ஒத்துக்கல. அப்புறம் திண்டுக்கல்ல லாரிக்கு பிளேட்டு கட்டுற பட்டறைல ஒரு பெரியவருகிட்ட காமிச்சேன். வண்டிக்கு அடில குனிஞ்சு பாத்துட்டு சிரிச்சாரு.

"தம்பி, வெறும் வண்டிக்கு எதுக்குப்பா இம்புட்டு பிளேட்டு?"

"லோடு ஏத்துவோம்ணே, அதான்..."

"ஏத்துற அன்னிக்கா ஏத்தாத அன்னிக்கா, எது ஜாஸ்தி? மொதல்ல எடை மேடைல ஏத்திட்டு வா, போ."

அடுத்த தெருவுல இருந்த எடை மேடைல முன் சக்கரம் மட்டும் ஒரு தடவ, பின் சக்கரம் மட்டும் ஒரு தடவன்னு எடுத்தேன். அர டேங்க் டீசல், நான் மட்டும் உள்ள, முன்னாடி 1,120 கிலோ, பின்னாடி 870. நூறு ரூபா கூட ஆகல, இத லிஃப்ட் போடுறதுக்கு முன்னாடி பண்ணியிருந்தா ஒரு செட் காயில் காசு மிச்சம். யாராச்சும் லிஃப்ட் போடப்போறேன்னு கேட்டா நான் சொல்ற மொத வேலை இதுதான். உங்க வண்டி வாரத்துல அஞ்சு நாளு எந்த வெயிட்டுல ஓடுதோ அந்த வெயிட்டுல எடை போட்டு, அந்த நம்பரோட கடைக்கு போங்க. என்னிக்கோ ஒரு நாள் ஏத்தப்போற லோடையும், வாங்கப்போற புல் பாரையும் கணக்குல சேக்காதீங்க.

பெரியவரு பின்னாடி கட்டுலேர்ந்து ஒரே ஒரு பிளேட்ட ரெண்டு பக்கமும் உருவுனாரு. 572 இருந்தது 548க்கு வந்துச்சு, துள்ளலு பாதிக்கு மேல போச்சு. உருவுனா செண்டர் போல்ட்டும் யு-போல்ட்டும் புதுசா போடணும்னு பிடிவாதமா சொல்லிட்டாரு, ஒரு தடவ முறுக்குன யு-போல்ட்டு நீண்டிருக்கும், திரும்ப அதையே போட்டா லூசாகும். மாட்டி 500 கிலோமீட்டர்ல ஒரு தடவ, 1,000ல ஒரு தடவ டார்க் ரென்ச் வச்சு டைட் பண்ணேன், மொத தடவ கால் சுத்து சுத்துச்சு, அவ்ளோ லூசு. இத கடைல யாருமே சொல்லல.

அவரு கண்டுபிடிச்ச இன்னொன்னு. ஷேக்கிள் போல்ட்டும் முன்னாடி சக்கரத்த தாங்குற லோயர் ஆர்ம் போல்ட்டும் வண்டி ஜாக்கில தொங்குறப்பவே முழுசா டைட் பண்ணியிருந்தாங்க. ரப்பர் புஷ் அந்த நிலைமையிலயே புடிச்சுக்கும், வண்டிய எறக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே கெடக்கும், சீக்கிரம் கிழியும், வண்டியும் சரியா உக்காராது. சக்கரம் தரைல, வண்டி வெயிட்டு முழுசா உக்காந்ததுக்கு அப்புறம்தான் கடைசி டைட்டு. எல்லாத்தையும் லூசாக்கி, வண்டிய பட்டறை வாசல்ல முன்ன பின்ன நாலு தடவ உருட்டி, மறுபடி டைட் பண்ணதுல சத்தத்துல ஒரு பங்கு அன்னிக்கே கொறஞ்சுது.

முன்னாடிக்கு வேற வழி இல்ல, புல் பார் இல்லாத வண்டிக்கான காயில் தனியா வாங்கி மாத்துனேன், 526 போயி 505. சரியா 45 எம்எம் லிஃப்ட். டொக்கு சத்தம் அதோட காணோம். வலது பக்கம் 8 எம்எம் கம்மியா நின்னுச்சு, ஓட்டுறவன் வெயிட்டு அந்தப் பக்கந்தான, அதுக்கு ஸ்ட்ரட் (காயிலும் ஷாக்கும் சேந்த தூண்) தலைல 5 எம்எம் பேக்கர்னு ஒரு தகடு வச்சா போதும்னாங்க. 5 வச்சா எப்படி 8 வரும்னு நான் சண்ட போட்டேன். ஸ்ட்ரட்டு ஆர்முக்கு நடுவாக்குலதான் நிக்குது, அதனால மேல வைக்கிறது சக்கரத்துகிட்ட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா வரும். வச்சோம், 9 எம்எம் ஏறுச்சு. இதே கணக்குலதான் சில பேரு காயில மாத்தாம ஸ்ட்ரட் மேல தடியா ஸ்பேசர் மட்டும் வச்சு சீப்பா தூக்குறாங்க, 25 எம்எம் வச்சா 50 வருதேன்னு. எனக்கு அது புடிக்கல, ஷாக்கோட நீளம் மாறல, சக்கரம் மட்டும் கூடுதலா கீழ போகும், சக்கரத்த சுத்த வைக்கிற ஷாஃப்ட்டோட சிவி ஜாயிண்டும் பால் ஜாயிண்டும்தான் அந்த அடிய வாங்கும்.

சிவின்னதும் ஞாபகம் வருது. 71,000ல இடது பக்க சிவி ஜாயிண்ட மூடியிருக்குற ரப்பர் உறை, அதான் பூட்டு, கிழிஞ்சு, அலாய் உள்பக்கம் பூரா கருப்பு கிரீசு அடிச்சிருந்துச்சு, நான் ஏதோ தாரு ஒட்டிருக்குன்னு தண்ணி ஊத்தி கழுவிட்டு இருந்தேன், வழுவழுன்னு இருக்கவும்தான் சந்தேகம் வந்துச்சு. வண்டி தூக்குனா முன் டிஃபரென்ஷியல்லேர்ந்து சக்கரத்துக்கு போற ஷாஃப்ட்டு சரிவா நிக்கும், பூட்டோட மடிப்பு ஒன்னோட ஒன்னு உரசும். பூட்ட மாத்திட்டு டிஃபரென்ஷியல கொஞ்சம் கீழ எறக்குற ஸ்பேசரும் போட்டேன், இன்னி வரைக்கும் திரும்ப கிழியல. 50க்கு மேல தூக்கப்போறவங்க இத மொதல்லயே போட்டுருங்க. அதே மாதிரி பின் ஆக்சிலுக்கு ரெண்டு துண்டா வர்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டு, பின்பக்கம் 572ல நின்ன காலத்துல மொத கியர்ல ஏத்தத்துல கெளம்புனா சீட்டுக்கு அடில நடுக்கம் வரும், செண்டர் பேரிங்க ஸ்பேசர் வச்சு எறக்கணும்னாங்க. பிளேட்டு உருவுனதும் அது தானா போயிருச்சு.

அலைன்மெண்ட்ட எல்லாரும் டோ (சக்கரம் நேரா பாக்குதாங்கறது) மட்டும் பாத்துட்டு அனுப்பிருவாங்க. முன்னாடி தூக்குனா கேஸ்டர் (சக்கரம் திரும்புற அச்சோட பின்பக்க சாய்வு) கொறையும், அது கொறஞ்சா பைபாஸ்ல நூறுல போறப்ப ஸ்டீரிங் அங்கிட்டும் இங்கிட்டும் அலையும், திருப்பத்துல ஒடிச்சுட்டு கைய விட்டா தானா திரும்பி வராது. எனக்கு லோயர் ஆர்ம் கேம் போல்ட்ட திருப்பியே ஓரளவு கேஸ்டர் கிடைச்சுருச்சு, அதனால தனி அப்பர் ஆர்ம் வாங்கல. மிஷின் பிரிண்ட்டு கையில வாங்காம காசு குடுக்காதீங்க. ஹெட்லைட்டும் எறக்கி வைக்கணும், மொத மாசம் எதுக்க வந்த அத்தன பேரும் டிம் அடிச்சு திட்டிட்டு போனாங்க, எனக்கு ஏன்னே தெரியல.

லிஃப்ட் போட்டா கிரவுண்ட் கிளியரன்ஸ் முழுசா கூடிரும்னு ஒரு நெனப்பு இருக்கு. சேஸிஸ், சைடு ஸ்டெப்பு, டீசல் டேங்கு எல்லாம் மேல போகும், உண்மைதான். பின்னாடி டிஃபரென்ஷியல் உருண்டை ஆக்சிலோட சேந்தது, அது ஒரு எம்எம் கூட ஏறாது. அத ஏத்தணும்னா பெரிய டயருதான். 265/70 ஆர்16 போட்டா விட்டம் 749லேர்ந்து 777 ஆகும், அதுல பாதி, 14 எம்எம் கெடைக்கும். அதுக்கு ஸ்பீடோமீட்டர் சுமாரா நாலு சதவீதம் கொறச்சு காட்டும், இழுவையும் கொஞ்சம் அடிவாங்கும். நான் போடல. அந்த பள்ளத்துல பாறைக்கு மேல சக்கரத்த ஏத்தி ஓட்ட கத்துக்கிட்டேன், அது காசு இல்லாம கெடச்ச லிஃப்ட்டு.

சட்டத்தையும் சொல்லிடணும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, ஆர்சி புக்குல இருக்குற விவரம் கம்பெனி மொதல்ல குறிச்சதுலேர்ந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கு. ஸ்பிரிங், ஷாக்குன்னு பாட்ஸ் மாத்துறது ஒரு ரகம், சேஸிஸ்ல வெல்டிங் வைக்கிறது, பாடிய தூக்குறது வேற ரகம். ரெண்டாவது பக்கம் போகவே போகாதீங்க. இன்சூரன்ஸ்காரங்க கிட்டயும் முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க, ஏதாச்சும் ஆனதுக்கு அப்புறம் பேச முடியாது.

இப்போ நெலம என்னன்னா, முன்னாடி 505 இருந்தது 498, ஸ்பிரிங் கொஞ்சம் உக்காரத்தான் செய்யும். பின்னாடி 548 இருந்தது 536. ஒரு முன் ஷாக்கு 1,10,000ல ஆயில் கசிஞ்சு ஜோடியா மாத்துனேன், அதுவும் ஒன்ன மட்டும் மாத்தலாம்னு போயி, வேணாம்னு திரும்பி வந்து ரெண்டா போட்டது. வெறும் வண்டில பின் டயர் காத்த கம்பெனி சொன்னதுலேர்ந்து ரெண்டு பாயிண்ட் கொறச்சு ஓட்டுறேன், லோடு அன்னிக்கு மறக்காம ஏத்திக்குவேன். வண்டி வயிறு தட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. எங்கப்பாதான் ஏற முடியலன்னு கத்துறாரு, அவருக்குன்னு பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு எப்பவும் கெடக்கும். ஷேக்கிள் புஷ்ஷு மறுபடி கீச்சு கீச்சுங்குது, கிரீசு அடிச்சும் அடங்கல, புதுசு ஆர்டர் போட்டு மூனு வாரம் ஆச்சு, இன்னும் வந்து சேரல.