ஒகேனக்கல் தண்ணீருக்கு ஐந்து ஸ்டார், எங்கள் ஊர் ஓவர்டேங்குக்கு இரண்டு

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் டிபன் கடை நடத்துகிறேன். காலையில் இட்லி, பூரி, அப்புறம் சாயங்காலம் வரை டீ. 2020 முதல் 2025 ஜனவரி வரை ஊராட்சி வார்டு உறுப்பினராகவும் இருந்தேன். ஹோட்டலுக்கெல்லாம் ஸ்டார் போடுகிறார்கள், தினமும் குடிக்கிற தண்ணீருக்கு யாரும் போடுவதில்லை. சரி, நான் போடுகிறேன்.

முதலில் சரக்கு. ஒகேனக்கலில் காவிரியிலிருந்து எடுத்துக் குழாயில் வருகிற கூட்டுக் குடிநீர் அருமையான தண்ணீர். துவரம் பருப்பு பூவாக வெந்துவிடுகிறது. போர் தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் நாலு பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். டீயில் நிறம் நன்றாக இறங்குகிறது. இட்லிக் குண்டானின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் புளி போட்டுத் தேய்த்து எங்கள் கடைப் பெண்ணுக்குக் கை நொந்துபோகும். ஆற்றுத் தண்ணீர் சீராக வருகிற மாதங்களில் அந்த வேலையே இல்லை. சில நாள் குளோரின் வாடை அடிக்கும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், அந்த வாடை இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை. குடத்தைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போய்விடும்.

ருசியைவிடப் பெரிய விஷயம் ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது அதிகம், பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பரவாயில்லை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு இன்னும் கூடி, வருடக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகலாம். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இந்தத் தண்ணீர் லேசில் வந்துவிடவில்லை. பெங்களூருக்குக் கர்நாடகம் காவிரியிலிருந்து குடிநீர் எடுக்கவும், ஒகேனக்கலில் தமிழ்நாடு 1.4 டிஎம்சி எடுக்கவும், ஒருவர் திட்டத்துக்கு மற்றவர் ஆட்சேபம் சொல்வதில்லை என்று 1998-ல் பேசி முடித்தார்கள். 2008-ல் இங்கே அடிக்கல் நாட்டியதும் எல்லைக்கு அந்தப்புறம் போராட்டம் கிளம்பியது. அப்போது தமிழ்நாட்டின் கையில் இருந்த பிடி அந்த 1998 ஒப்புதல்தான். ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் கட்டி 2013-ல் திறந்தார்கள். இரண்டு மாவட்டத்திலும் நகரம், பேரூர், ஆறாயிரத்துச் சொச்சம் குக்கிராமங்கள் என்று குழாய் போகிறது.

இரண்டு மாநிலத்துக்கு நடுவே இருந்த ஏற்பாடு ஊரில் எல்லோருக்கும் தெரியும். குடிநீர் வாரியத்துக்கும் ஊராட்சிக்கும் நடுவே இருக்கிற ஏற்பாடுதான் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊர் எல்லையில் இருக்கிற தரைமட்டத் தொட்டி வரை வாரியத்தின் பொறுப்பு. அங்கிருந்து மோட்டார் போட்டு ஓவர்டேங்குக்கு ஏற்றுவது, வால்வு திறந்து தெருவுக்கு முறை விடுவது, குழாய்க் காசு வசூலிப்பது எல்லாம் ஊராட்சி. பராமரிப்புச் செலவில் எங்கள் பங்கைக் கொடுக்கிறோம் என்று திட்டத்தில் சேரும்போதே தீர்மானம் போட்டாக வேண்டும். ஊராட்சிக்குத் தனித்தனி வங்கிக் கணக்குகள் உண்டு. அதில் இரண்டாம் நம்பர் கணக்கு இதற்கென்றே ஒதுக்கியது, மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் பணம் கட்ட மட்டும்தான்.

நாங்கள் மன்றத்தில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டது அந்தக் கணக்கில்தான். ஆற்றுத் தண்ணீர் வருகிறதே, போரை மூடிவிட்டால் கரண்ட் பில் மிச்சம், வருடா வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவும் மிச்சம் என்று ஒரு கட்சி. மெயின் லைனில் நாலு நாள் வேலை நடந்தால் மாட்டுக்கு எதைக் காட்டுவது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. போர் இருக்கட்டும், ஆனால் அதற்குத் தனி லைன் போட்டு, தெருமுனை சின்டெக்ஸ் டேங்கோடு நிறுத்துங்கள், ஓவர்டேங்குக்கு ஏற்றாதீர்கள் என்றேன். தீர்மான நோட்டில் எழுதினார்கள். தனி லைன் பாதி ஊருக்கு வந்தது, மீதி ஊருக்குப் பணம் வரவில்லை.

அந்த மீதி ஊரில்தான் என் கடை. கோடையில் பங்குக்கு வருகிற தண்ணீர் போதாதபோது போர் தண்ணீரை அதே ஓவர்டேங்கில் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். டேங்க் ஆபரேட்டரைக் குற்றம் சொல்லமாட்டேன். “டேங்க் நிறையலன்னா என்னையதான் திட்டுறாங்க அக்கா” என்பான், அது உண்மைதான். ஆனால் கோடி கோடியாகச் செலவழித்து மலை ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீரைக் கடைசி நாற்பது அடி உயரத்தில் கெடுப்பது என்ன கணக்கு? வாரியத்துக்குக் கட்டுகிற பணத்தை நல்ல தண்ணீருக்கென்று கட்டுகிறோம். கலந்து விட்டால் அந்தப் பணத்துக்கு என்ன அர்த்தம்?

கலந்தால் நாக்கு கண்டுபிடிக்கும் என்று இருந்துவிடாதீர்கள். உப்பும் கடினத்தன்மையும்தான் நாக்குக்குத் தெரியும், ஃபுளோரைடுக்கு ருசியே கிடையாது. ஊராட்சியில் தண்ணீர் சோதிக்கும் பெட்டி ஒன்று இருக்கும், ஜல் ஜீவன் திட்டத்தில் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். சின்னக் குப்பியில் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால், ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் நல்ல ரோஸ் நிறமாக நிற்கும். இருந்தால் ரோஸ் வெளுத்து மஞ்சள் பக்கம் போகும், நிற அட்டையோடு ஒட்டிப் பார்த்து அளவு சொல்லலாம். ஒரு சித்திரை மாதம் தரைமட்டத் தொட்டித் தண்ணீரையும் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்று ரோஸ், ஒன்று எலுமிச்சைத் தோல் நிறம். கூட நின்றவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

ஆக, தரைமட்டத் தொட்டி வரை வருகிற சேவைக்கு ஐந்து. அதற்கு அப்புறம் இரண்டு. அந்த இரண்டும் தனி லைன் வந்த தெருக்களுக்காகவும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வந்து வால்வு திறக்கிற அந்தத் தம்பிக்காகவும். கேன் தண்ணீர் வாங்குவதை நான் விட்டுவிட்டேன், கோடையில் மட்டும் கடைக்கு வாங்குகிறேன், அந்தச் செலவும் டீ விலையில்தான் ஏறுகிறது.

இப்போது எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. 2025 ஜனவரியோடு எங்கள் காலம் முடிந்தது, அதன்பின் தனி அலுவலர் பொறுப்பு. யாரிடம் சொல்வது என்று கேட்பவர்களுக்கு: தரைமட்டத் தொட்டியில் தண்ணீர் விழவில்லை என்றால் வாரியத்தில் சொல்லுங்கள். தொட்டியில் விழுந்து தெருவுக்கு வரவில்லை என்றால் ஊராட்சிச் செயலர், அதற்கு மேல் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ். கிராமசபையில் வெறுமனே “தண்ணி வரல” என்று சொன்னால் “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். இரண்டாம் நம்பர் கணக்கில் இருப்பு எவ்வளவு, வாரியத்துக்குப் பாக்கி எவ்வளவு, போர் லைன் ஓவர்டேங்கில் சேர்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள், பதிலை நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.