கேரவன் ஜன்னல் ஒழுக்கு: எண்ணூர் காற்றில் பியூட்டைல் டேப் எப்படி நிற்கிறது?

வெளியே சிலிக்கான் பூசி நிறுத்திய ஒழுக்கு அடுத்த ஐப்பசியில் திரும்பி வந்துவிடுகிறது. ஃப்ரேமை முழுசாகக் கழற்றி, பியூட்டைல் டேப் (இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் ரப்பர் பட்டை) வைத்து மறுபடி உட்கார வைத்த ஜன்னல் அப்படிச் செய்வதில்லை. திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் திறந்தவெளியில் நிற்கும் வண்டிகளில் பல மழைக்காலம் பார்த்தபின் எங்கள் தீர்ப்பு இதுதான். இங்கே சொல்வது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் ட்ரெய்லர் கேரவனைப் பற்றி. அதாவது, வெளியே அலுமினிய ஃப்ரேம், உள்ளே அதைப் பிடிக்கும் வளையச் சட்டம் (க்ளாம்ப் ரிங்), இரண்டையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கும் வகை ஜன்னல். டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய வண்டிகளின் கதை வேறு, அதைக் கடைசியில் தொடுகிறோம்.

வட சென்னையில் ஜன்னலுக்கு எதிரி மழை மட்டும் இல்லை. கடலில் இருந்து வரும் உப்புக்காற்று ஸ்க்ரூவைத் தின்கிறது. கண்டெய்னர் லாரிப் புகையும் அனல்மின் நிலையச் சாம்பலும் ஜன்னல் சேனலில் (கண்ணாடி நகரும் பள்ளம்) படிகின்றன. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ., அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. அதுவும் நேராக விழாமல் காற்றோடு சாய்ந்து அடிக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி ஒரே திசையில் இருந்து மணிக்கணக்காக அடித்தால், மற்ற நாளில் ஒரு சொட்டுக்கூட விடாத ஜன்னலும் விட்டுக்கொடுக்கும். கிழக்கும் வடக்கும் பார்த்த ஜன்னல்களே முதலில் ஒழுகும். நிறுத்தும்போது ஜன்னல் அதிகமுள்ள பக்கத்தை மேற்கே திருப்பி நிறுத்துவது காசில்லாத வைத்தியம்.

கழற்றும் முன் வடிகால் துளையைப் பாருங்கள். நகர்த்தும் கண்ணாடி உள்ள எந்த ஃப்ரேமிலும் கீழ்ச் சட்டத்தின் வெளிப்பக்கம் இரண்டு மூன்று சின்னத் துளை இருக்கும், சிலதில் மேலே பிளாஸ்டிக் மூடி. சேனலுக்குள் தண்ணீர் வருவது இயல்பு, அது இந்தத் துளை வழியாக வெளியே போய்விட வேண்டும். நம் பக்கத்து வண்டிகளில் அந்தச் சேனலை விரலால் வழித்தால் கறுப்பாகக் களிம்பு வரும்: டீசல் கரி, சாம்பல், உப்பு எல்லாம் சேர்ந்து இறுகியது. துளை அடைத்ததும் சேனல் நிரம்பி உள்பக்கமாக வழிகிறது. ஒரு டம்ளர் தண்ணீரைச் சேனலில் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் வெளியே சொட்டத் தொடங்க வேண்டும். தண்ணீர் வெளியேறாமல் தேங்கி நின்றால், நைலான் கேபிள் டையின் வால்முனையை நுழைத்துக் குத்தி, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். "ஜன்னல் ஒழுகுது" என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். இதற்கு நேர் எதிரான கொடுமையும் நடக்கிறது: யாரோ ஒருவர் அக்கறையாகக் கீழ்ச் சட்டம் முழுக்கச் சிலிக்கான் இழுத்து, துளைகளையும் சேர்த்து மூடியிருப்பார். அதைச் சுரண்டி எடுப்பதுதான் அங்கே மொத்த ரிப்பேரும்.

துளை சரியாக இருந்தும் ஒழுகினால், தண்ணீர் ஜன்னலில்தான் இறங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். கூரை ஓர ரெயில், ஆனிங் ரெயில் (வெயில் மறைப்புத் துணியை மாட்டும் சட்டம்), மேலே உள்ள மார்க்கர் லைட் (வண்டியின் ஓரத்தைக் காட்டும் சின்ன விளக்கு) இவற்றில் நுழையும் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, ஜன்னலின் கீழ் மூலையில் வந்து தலைகாட்டும். பழி ஜன்னல் மேல் விழும். ஹோஸ் பைப்பைச் சாதாரண அழுத்தத்தில் வைத்து, கீழ்ச் சட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு பகுதியிலும் பத்து நிமிடம் விட்டு மேலே ஏறுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. பிரஷர் வாஷர் வேண்டாம், அது நல்ல சீலையும் பிய்த்துக்கொண்டு உள்ளே போகும்.

சுவரையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே ஒரு ஜாண் தூரம்வரை பிளைவுட் மெத்தென்று அமுங்கினாலோ, வால்பேப்பர் அலையடித்தாலோ உள்சட்டம் ஊறியிருக்கிறது. ஈரமானி இருந்தால் நல்லது: மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் உளுத்துப்போகும் அபாயம். அமெரிக்க வண்டிகளில் உள்ளே மரச்சட்டமும் மெல்லிய பிளையும் இருக்கும். இங்கே கட்டியவற்றில் பெரும்பாலும் இரும்புச் சதுரக் குழாய், அதில் ஜன்னல் மூலையிலிருந்து செந்நிறக் கோடு இறங்கும். ஈரத்தை உள்ளே வைத்து டேப் ஒட்டுவது நோயை உள்ளே பூட்டுவதுதான். உளுத்த மரத்தை வெட்டி எடுத்து, ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) மரைன் பிளை வைத்து, வெட்டுமுனைகளில் எபாக்ஸி தடவிய பிறகே மேற்கொண்டு போங்கள். இரும்பு என்றால் துரு சுரண்டி, ஜிங்க் ப்ரைமர்.

பொருள் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் பியூட்டைல் டேப் என்று கேட்டால், பெரும்பாலும் மேலே அலுமினியத் தாள் ஒட்டிய கூரை டேப்பைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது இதற்கு ஆகாது. நமக்கு வேண்டியது இருபுறமும் ஒட்டும், ஒரு பக்கம் காகிதம் உள்ள டேப்: 3 மி.மீ. தடிமன், 20 மி.மீ. அகலம். அலுமினியத் தாள் இல்லாதது என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். நுரை டேப்பையும் தவிருங்கள், அது சில வருடத்தில் அமுங்கியது அமுங்கியபடியே நின்று இடைவெளி விடும். எண்ணெய் கலந்த புட்டி டேப் காய்ந்து வெடிக்கும். 30 × 22 அங்குல ஜன்னலின் சுற்றளவு 104 அங்குலம், அதாவது 2.64 மீட்டர். ஒரு ஜன்னலுக்கு 3 மீட்டர் என்று கணக்கு வையுங்கள். வெளித்தகடு வரிவரியாக மடித்ததாக இருந்தால் இரட்டிப்பு. கூடவே மினரல் டர்பன்டைன், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர், பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர், பியூ (பாலியூரிதேன்) சீலன்ட் 300 மில்லி ஒரு கார்ட்ரிட்ஜ்.

வேலையை வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள், சூட்டில் பழைய டேப் இளகும். க்ளாம்ப் ரிங்கின் மேல்பக்கத்தைக் குறித்துவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கடைசி ஸ்க்ரூ வெளிவரும்போது வெளியே ஒருவர் ஜன்னலைப் பிடித்திருக்க வேண்டும். இந்த அளவு ஜன்னல் ஐந்தாறு கிலோ இருக்கும், விழுந்தால் மிஞ்சாது. ஃப்ரேம் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். தகடு நசுங்கும், அதைவிட மோசம் ஃப்ரேம் முறுக்கிக்கொண்டு கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள சீல் விட்டுப்போகும். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வாருங்கள்.

பழைய பியூட்டைல் டர்பன்டைனில் போய்விடும். பழைய சிலிக்கான்தான் தலைவலி. அதன் மெல்லிய படலம் இருந்தால் அதன் மேல் எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கானே ஒட்டாது. சுரண்டி, சிலிக்கான் ரிமூவர் போட்டுத் துடைத்து, கடைசியாக ஆல்கஹால். துடைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவினால் சுத்தம், முத்தாக உருண்டு நின்றால் இன்னும் படலம் இருக்கிறது. அக்ரிலிக் (பிளாஸ்டிக் கண்ணாடி) ஜன்னல் என்றால் தின்னரோ ஆல்கஹாலோ கண்ணாடிப் பகுதியில் படவே கூடாது, மயிரிழை வெடிப்பு ஓடும்.

டேப்பைச் சுவரில் ஒட்டாமல் ஃப்ரேமின் விளிம்பில் ஒட்டுங்கள். இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டிய டேப் மூலைகளில் மெலிந்து, பின்னால் சுருங்கும். இரு முனையும் சேரும் இடம் கீழ்ச் சட்டத்தில் வரட்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்க வேண்டும். சென்னை மதியச் சூட்டில் காகிதம் டேப்போடு சேர்ந்து பிய்ந்து வரும். ரோலைக் கால்மணி நேரம் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தால் காகிதம் சுலபமாக உரியும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் பாதி டேப்பை வீணாக்குகிறவர்கள் நிறைய. வரித்தகடு என்றால் பள்ளங்களில் தனித்துண்டு வைத்து மட்டப்படுத்திவிட்டு மேலே முழு அடுக்கு.

இறுக்குவது கையால் மட்டுமே. இம்பாக்ட் டிரைவர் அலுமினியப் புரியை ஒரு நொடியில் தேய்த்துவிடும். எதிரெதிர் ஸ்க்ரூவாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாக, நான்கு புறமும் டேப் ஒரே சீராகப் பிதுங்கும்வரை. அதற்கு மேல் இறுக்கினால் டேப் முழுக்க வெளியே வந்து உலோகமும் தகடும் முட்டிக்கொள்ளும், சீல் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. பிதுங்கவே இல்லையென்றால் சுவர் மெலிதாக இருக்கிறது என்று பொருள்: க்ளாம்ப் ரிங் டேப்பை அமுக்கும் முன்னே ஃப்ரேமில் போய் இடிக்கிறது. உள்பக்கம் 3 மி.மீ. பிளைப் பட்டை வைத்தால் சரியாகும். பல வண்டிகளில் புதிதாகவே ஒழுகுவதற்குக் காரணம் இதுதான், டேப்பை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

சில நாள் கழித்து இன்னொரு சுற்று இறுக்கி, பிதுங்கியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பிளாஸ்டிக் கத்தியால் வெட்டுங்கள். பிறகு மேல்பக்கமும் இரு ஓரங்களிலும் பியூ சீலன்ட் மெல்லிய கோடு. கீழே போடக் கூடாது, எப்படியாவது நுழைந்த தண்ணீர் வெளியேற அந்த வழி திறந்திருக்க வேண்டும். ஒரு ஜன்னலுக்கு 25 மில்லிகூடச் செலவாகாது. ஆனால் திறந்த கார்ட்ரிட்ஜ் நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரம் மூக்கில் இறுகிவிடும். எல்லா ஜன்னலையும் ஒரே நாளில் முடிக்கும்படி வைத்துக்கொள்வது லாபம்.

நீண்டகாலத்தில் என்ன ஆகிறது? முதல் கத்திரி வெயிலில் டேப் இன்னும் கொஞ்சம் பிதுங்கும். அந்த விளிம்பில் தூசி ஒட்டிக் கறுப்புக் கோடு விழும், வெள்ளை வண்டியில் அசிங்கமாகத்தான் இருக்கும். மறுபடி வெட்டிவிட்டால் போதும், அதன்பின் அடங்கிவிடுகிறது. வருடங்கள் கழித்துக் கழற்றினாலும் உள்ளே டேப் இன்னும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது. தகடு சூட்டில் விரிந்து சுருங்கும்போது கூடவே நகர்வதால்தான் விடுவதில்லை. சிலிக்கான் ஓரத்தில் இருந்து உரியும். வினிகர் வாடை அடிக்கும் வகை அலுமினியத்தையும் அரிக்கும், வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நியூட்ரல் வகை. பியூ நன்றாக ஒட்டும், ஆனால் அதை மட்டுமே நம்பி ஃப்ரேமை ஒட்டினால் அடுத்த முறை கழற்றும்போது தகடும் சேர்ந்து வரும். மேலே கோடு போடுவதோடு அதன் வேலையை நிறுத்துங்கள்.

டேப்புக்கு முன்னால் தோற்பது ஸ்க்ரூதான். ஜன்னலோடு கூடவே வரும் முலாம் பூசிய இரும்பு ஸ்க்ரூ, எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் நிற்கும் வண்டியில் சீக்கிரமே துருப்பிடித்து உப்பி, இறுக்கம் தளரும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 பரவாயில்லை, 316 சரியான தேர்வு. காசிமேட்டில் படகு வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். பழைய ஸ்க்ரூவின் நீளத்தையே எடுங்கள், நீளமானது கண்ணாடியை முட்டும். எஸ்எஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, ஸ்க்ரூ அங்கேயே இறுகிப்போகும். புரியில் கொஞ்சம் மரைன் கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த முறை கழற்ற வரும்.

ஃப்ரேம் சரியாக இருந்தும் கண்ணாடி ஓரமாகவே நீர் வந்தால், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை (பீடிங்) சுருங்கியிருக்கிறது. மூலையைப் பாருங்கள், சில மி.மீ. இடைவெளி தெரியும். புது ஈபிடிஎம் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) பீடிங்கைத் தேவையைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டி, இழுக்காமல் நெருக்கி அமுக்க வேண்டும். டெம்போ டிராவலர் வண்டிகளின் பஸ் ஷட்டரிலும் இதே கதை, அங்கே கூடுதலாகச் சேனலில் உள்ள வெல்வெட் பட்டையும் தேய்ந்துபோகும். அந்த ஃப்ரேம்கள் பாடியிலேயே ரிவெட் அடித்திருப்பதால் பியூட்டைலுக்கு இடமில்லை. ரிவெட்டைத் துளைத்து எடுத்து, அடியில் பியூ வைத்து, சீல்டு வகை அலுமினிய ரிவெட்டால் மறுபடி அடிப்பதுதான் வழி. சாதாரண பாப் ரிவெட்டின் நடுத்துளை வழியாகவே தண்ணீர் இறங்கும்.